ஆள் தங்கம், அறைதான் தகரம்

திருகோணமலையில் மனம் விட்டுக் கதைக்க நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கூடப் படித்தவள் ஒருத்தி நேற்று இரவு வாட்ஸ்அப்பில் கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேலாக ஒருவரிடம் போய்வருகிறேன், அதனால் சொல்கிறேன்.

மனநல வைத்தியர் மருந்து எழுதுவார், இலங்கை மருத்துவ சபையின் பதிவில் பெயர் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், கதைத்துத்தான் வேலை. உளவளத்துணையாளர், அதாவது கவுன்சிலர், என்ற பலகையை மட்டும் நம்பாதே. என்ன படித்தீர்கள், எங்கே, யாருடைய மேற்பார்வையில் பழகினீர்கள் என்று நேராகக் கேள், முகம் சுளித்தால் எழும்பி வந்துவிடு. நான் முன்பு போன ஆள் சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியிருந்தார். அங்கே சொன்னதை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பெரியம்மா என்னிடமே கேட்டார்!

இப்போதுள்ள அக்கா அப்படியில்லை. நீங்கள் சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் வேறொருவருக்குச் சொல்லவேண்டி வரும் என்று முதல் நாளே விளக்கிவிட்டார். புத்தி சொல்வதே இல்லை. எப்போதோ சொன்ன சின்ன விஷயத்தை நினைவு வைத்துக் கேட்பார். எனக்கு நித்திரை திரும்பி வந்தது அவரால்தான். நடு இரவில் தாங்க முடியாவிட்டால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், 1926க்கு எடுங்கள் என்று அந்தத் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் போனில் பதியவைத்தார்.

ஆனால் அந்த அறை! பார்மசிக்குப் பின்னால் ஒட்டுப்பலகையால் மறித்த மூலை, அந்தப் பக்கம் பல்வைத்தியருக்குக் காத்திருக்கும் வாங்கு. நான் அழுதுகொண்டிருக்கும்போது அங்கே யாரோ பாரை மீன் விலை கதைப்பது தெளிவாகக் கேட்கிறது, அப்படியென்றால் என் குரல் அங்கே கேட்காதா? ஏகாம்பரம் வீதியில் தும்மினால் உவர்மலையில் சுகம் விசாரிக்கும் ஊர் இது. சொல்லும்போதெல்லாம் "பார்க்கிறேன்" என்கிறார், ஃபேனைக் கூட்டிவைக்கிறார், அப்புறம் அவர் பேசுவதே எனக்குக் கேட்பதில்லை. ரகசியம் காப்பதைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்னவருக்கு ஒரு சுவர் கட்டத் தோன்றாதா? வீடியோவில் செய்வோமா என்றார், எங்கள் வீட்டுச் சுவர் அதைவிட மோசம்.

அதனால் உன்னை அங்கே அனுப்ப மாட்டேன், உன் மாமியும் அதே பல்வைத்தியரிடம்தான் காட்டுகிறார். சரி, நம்பர் தருகிறேன், காலை நேரமாகக் கேட்டு எடு. பல்வைத்தியர் பின்னேரம்தான் வருவார்.