ஐந்து வருஷச் சட்டப் படிப்பா, டிகிரி முடித்து மூன்று வருஷமா?

கம்ப்யூட்டரும் பிடிக்கும், கறுப்பு கோட்டும் பிடிக்கும் என்று நிற்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டு வழி. நேராக ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.யும் படிக்கலாம். கூடுதலாகப் போவது ஒரு வருஷம், பி.இ. என்றால் இரண்டு. எந்த வழியானாலும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். தபால் வழி எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்பதில்லை.

தொழில்நுட்ப வழக்குகளில்தான் ஆர்வம் என்றால், என் ஓட்டு இரண்டாவது வழிக்கே. காரணம் சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து நீட்டினால் மட்டும் போதாது. கூடவே சான்றிதழ் வேண்டும். அதில் முதல் பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் விரல்ரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பையும், அது எஸ்.எச்.ஏ. 256 என்ற கணக்கீட்டு முறையில் எடுத்ததா, எம்.டி.5 என்ற முறையில் எடுத்ததா என்பதையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். இதைக் கையால் செய்து பார்த்தவர் குறுக்கு விசாரணையில், "போனைக் கைப்பற்றியது எப்போது, ஹாஷ் எடுத்தது எப்போது?" என்று கேட்பார். இடைவெளி இருந்தால், அதற்குள் கோப்பை மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் வழக்கே ஆட்டம் காணலாம். மற்றவர்கள் நிபுணர் எழுதிக்கொடுத்ததை அப்படியே நம்ப வேண்டியதுதான். இன்னொன்று: கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் போடும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். பி.ஏ., எல்.எல்.பி. படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஐந்தாண்டுப் படிப்பின் பலமும் லேசானதல்ல. பதினெட்டு வயதிலிருந்தே தீர்ப்புகளைப் படித்துப் படித்து ஒரு பழக்கம் வந்துவிடும். மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட்டுக்கும், சீனியர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கும் நேரம் கிடைக்கும். சாட்ஜிபிடி கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இத்தகைய பொய் மேற்கோளைக் கண்டுபிடிக்க கோடிங் தெரிய வேண்டியதில்லை. மூலத் தீர்ப்பைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிவில், கிரிமினல் பக்கம் போக உறுதியாக இருப்பவர் தயங்காமல் ஐந்தாண்டிலேயே சேரட்டும்.

இரண்டையும் ஒன்றாகக் கட்டிய பி.சி.ஏ., எல்.எல்.பி.யும் சென்னை சீர்மிகு சட்டப் பள்ளியில் உண்டு. ஒரு வருஷம் மிச்சம். ஆனால் கம்ப்யூட்டர் பாடத்துக்குத் தனிப் பட்டப்படிப்பில் கிடைக்கும் அளவு நேரம் இதில் கிடைக்காது. சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி, எத்தனை தாள் கம்ப்யூட்டர், எத்தனை தாள் சட்டம், லேப் உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

நீதிபதிக் கனவு உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி ஐந்தாண்டு வழியில் போனால் சுமார் 26 வயதிலும், பி.எஸ்சி. முடித்துப் போனால் 27 வயதிலும் தேர்வுக்கு உட்காரலாம். தொழில்நுட்ப வழக்குகளில் ஆர்வம் இருந்து, வீட்டில் அந்த ஒரு வருஷச் செலவையும் தாங்க முடியுமென்றால் நான் பி.எஸ்சி.யைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.