பதிவேடா, சென்சஸா, ஏழைச் சட்டக் காகிதமா?

இங்கிலாந்துக் கிராமத்து பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) ஒன்றில் ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சென்சஸ், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிய தேவாலயப் பதிவேடு என்ற இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். தேடுவது கூலிக்காரக் குடும்பத்தை என்றால் ஏழைச் சட்டக் காகிதங்களை, அதாவது ஏழைகளுக்கு பாரிஷ் நிவாரணம் தந்தபோது எழுதி வைத்தவற்றை, விடவே கூடாது என்பது என் கட்சி.

தொடங்க வேண்டியது சென்சஸில்தான், அதிலும் 1851-இல். 1841 சென்சஸில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இருக்காது. 1851-இல் பிறந்த பாரிஷின் பெயரே கிடைக்கிறது.

அந்தப் பெயரோடு பதிவேட்டுக்குப் போகலாம். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவில் தொடங்கியது இது; இவ்வளவு பின்னோக்கிப் போக வேறு வழி அதிகமில்லை. ஏடு தொலைந்திருந்தால், பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல் சில சமயம் கைகொடுக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1752-க்கு முன் அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். பதிவேட்டில் பிப்ரவரி 1720 என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. ஆனால் 1813-இல் அச்சிட்ட ஞானஸ்நானப் படிவம் வரும்வரை பல ஊர்களில் 'தாமஸ், மேரி மகன் ஜான்' என்பதோடு சரி. ஒரே ஊரில் இரண்டு தாமஸ், இரண்டு மேரி இருந்தால் தேடல் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

இங்கேதான் ஏழைச் சட்டக் காகிதம் ஜெயிக்கிறது. 1662 சட்டப்படி, நிவாரணம் கேட்பவருக்கு எந்த பாரிஷ் பொறுப்பு என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்காக மாஜிஸ்திரேட்டுகள் முன் அவரை நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தார், எந்தப் பண்ணையில் என்ன சம்பளத்துக்கு வேலை பார்த்தார், எப்போது கல்யாணம், பிள்ளைகளுக்கு என்ன வயது என்று எல்லாம் எழுதப்பட்டது. கல்யாணமாகாதவர் ஒரே பாரிஷில் முழு ஆண்டு வேலை பார்த்தால் அங்கே அவருக்கு நிவாரணம் கேட்கும் உரிமை வந்துவிடும்; அதைத் தவிர்க்கவே சில பண்ணைக்காரர்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழைப்பாளியின் வாழ்க்கை அவர் சொல்லச் சொல்லப் பதிவானது வேறெங்கே கிடைக்கும்?

எல்லா ஊரிலும் இவை தப்பிப் பிழைக்கவில்லை. இருப்பவை பெரும்பாலும் கவுண்டி (மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பல இன்னும் இணையத்துக்கு வரவில்லை. நிவாரணம் கேட்டவரைப் பொறுப்புள்ள பாரிஷுக்கு அனுப்பிவைத்த வெளியேற்ற உத்தரவு இரண்டு பாரிஷ்களைத் தொட்டது என்பதால், குடும்பம் கிளம்பிய ஊர், போய்ச் சேர்ந்த ஊர் இரண்டின் பெட்டிகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.