மேடையில் மாவுப் பொட்டலம்: 'மிஸ்பிஹேவியர்' (2020) திரைப்படம்

1970 நவம்பர் 20, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். உலக அழகிப் போட்டி மேடையில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் அசட்டு ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறார். பார்வையாளரிடையே போட்டியை எதிர்க்கும் பெண் விடுதலைப் போராட்டக்காரர்கள். கிலுகிலுப்பைச் சத்தம்தான் அவர்களுக்குச் சமிக்ஞை; மாவும் துண்டறிக்கையும் பறக்கின்றன.

இயக்குநர் ஃபிலிப்பா லோதார்ப் இந்தக் கலகத்தைவிடப் போட்டியாளர்களைக் காட்டும்போதுதான் ஜெயிக்கிறார். நிறவெறித் தென்னாப்பிரிக்கா வெள்ளைப் பெண் ஒருவரையும், வெள்ளையரல்லாத பெர்ல் ஜான்சனையும் தோளில் தனித்தனிப் பட்டையோடு அனுப்புகிறது. பட்டமோ கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டனுக்கு; முதல் கறுப்பின உலக அழகி. போராட்டக்காரர் வெறுக்கும் மேடைதான் இவருக்கு வாசல். ஜெனிஃபராக வரும் குகு எம்பாதா-ரா அதை அலட்டாமல் நடித்திருக்கிறார்.

குறை? பாத்திரங்கள் ஏராளம். போராட்டக்காரர்களாக வரும் கீரா நைட்லி (ஸாலி), ஜெஸ்ஸி பக்லி இருவரின் உரசல் சூடேறுமுன் காட்சி மாறிவிடுகிறது. கோபம் குறைவு, கலகலப்பு அதிகம். ஆனாலும் கழிவறையில் ஸாலியும் ஜெனிஃபரும் பேசும் காட்சிக்காகவே பார்க்கலாம்.