‘லேக் வியூ’ பண்ணை மனைக்கு முன்பணம் கட்டுமுன் மறுகால் எங்கே என்று கேளுங்கள்

1,50,000 ரூபாய் கட்டினேன். 60,000 திரும்பி வந்தது. மிச்சத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரம், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் இதே பாணியில் விற்கிறவர்கள் அங்கே மட்டும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

விளம்பரத்தில் மலை, மேகம், நடுவில் நீலத் தண்ணீர், ஒரு துடுப்புப் படகு. ‘அரசு அங்கீகாரம் பெற்ற சொந்த அணையுடன் கூடிய பண்ணை மனைகள். 20 சென்ட் 9 லட்சம் மட்டுமே.’ ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிறந்து, 15 வருஷமாகச் சென்னையில் லாரித் தண்ணீர் வாங்கிக் குளிக்கிற ஒருவனுக்கு அந்தப் படம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை நானும் மனைவியும் போனோம். வெள்ளை பொலீரோவில் கூட்டிப் போனார்கள். சாப்பாடு, இளநீர், படகில் ஒரு சுற்று. 4 ஏக்கர் பரப்புக்குத் தண்ணீர், 18 அடி உயரத்தில் செம்மண் கரை, கரை மேல் வரிசையாகக் குல்மோகர். (பனை நட்ட குளத்துக் கரை எத்தனையோ பார்த்திருக்கிறேன். குல்மோகர் நட்ட கரையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.) படகில் உயிர்காப்புச் சட்டை இரண்டுதான் இருந்தது. ஒன்றில் கொக்கி உடைந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பார்வை முழுக்க மலை மேல்தான். “14ஆம் நம்பர் மனை ஒண்ணுதான் அண்ணாச்சி பாக்கி, நாளைக்கு வந்தா இருக்காது” என்றார் விற்பனைத் தம்பி. அங்கேயே போனில் பணத்தை அனுப்பினேன். ரசீது கொடுத்தார்கள். ரசீதின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

மூன்று வாரம் கழித்து, பத்திரத்துக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமே என்று பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். பெரியப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 30 வருஷம் மடை திறந்து மடை அடைத்தவர். அவர் மலையையும் பார்க்கவில்லை, படகையும் பார்க்கவில்லை. கரை மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “தம்பி, மறுகால் எங்கடே?” என்று கேட்டார்.

விற்பனைத் தம்பிக்கு மறுகால் என்றால் என்ன என்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காக: குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையைத் தொடாமல் வெளியேற ஓரமாகக் கல்லில் ஒரு தாழ்ந்த வாசல் கட்டியிருப்பார்கள். அது கலிங்கு. கலிங்கு தாண்டி அந்தத் தண்ணீர் ஓடிப் போகிற வாய்க்கால் மறுகால். மண் கரைக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. கல் அணை மேல் கொஞ்சம் தண்ணீர் வழிந்தாலும் தாங்கும். மண் கரை மேல் வழிந்தால் மேல்மண் அரிக்கும், அரித்த இடத்தில் தண்ணீர் கூடும், கூடினால் இன்னும் அரிக்கும். அப்புறம் நிறுத்த ஆள் கிடையாது.

தேடிப் பார்த்ததில் கலிங்கு இருந்தது, ஒரு புதருக்குப் பின்னால். அதன் குறுக்கே பலகை அடுக்கி இரண்டடி உயர்த்தியிருந்தார்கள், படகு ஓட ஆழம் வேண்டுமாம். பலகைக்கு முன்னால் நைலான் வலை, வளர்க்கிற மீன் தப்பிப் போகாமல் இருக்க. வலை முழுக்கத் தேக்கிலையும் பிளாஸ்டிக் பாட்டிலும் அப்பிக்கிடந்தன. தண்ணீர் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இருக்கும். “ராத்திரி மலையில பேஞ்சா இந்தப் பலகையை எவன் வந்து எடுப்பான்?” என்றார் பெரியப்பா. காவலுக்கு ஒருவர் இருந்தார். அவருக்கு அந்தப் பலகையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு கரையின் வெளிப்பக்க அடிவாரத்துக்கு இறங்கினார். சுற்றிலும் காய்ந்த நிலம், ஓர் இடத்தில் மட்டும் பச்சைப்பசேல் என்று கோரை. கோரையை விலக்கினால் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் ஏந்தினார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், வடித்துவிட்டுக் கையை என்னிடம் நீட்டினார். கைரேகையில் செம்மண் படிந்திருந்தது.

“தெளிஞ்சு வந்தா கசிவு. பயமில்ல, பாத்துக்கிடலாம். கலங்கி வந்தா உள்ளே கரையைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்லே.”

அந்த இடத்திலிருந்து 200 மீட்டருக்குள்தான் என்னுடைய 14ஆம் நம்பர் மனை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 ஏக்கர், சராசரி 8 அடி ஆழம் என்று வைத்தால் சுமார் 3 கோடியே 90 லட்சம் லிட்டர். எடை 39,000 டன். சென்னைக் கணக்கில் சொன்னால் 12,000 லிட்டர் லாரியில் 3,200 லோடு. சின்ன அணைதானே சார் என்று அவர்கள் சொன்னது இதைத்தான்.

‘அரசு அங்கீகாரம்’ என்ன ஆனது? கேட்டதற்கு அணைப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது என்றார்கள், காட்டவில்லை. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு என்று சில நிபந்தனைகள். 18 அடி என்பது ஐந்தரை மீட்டர். அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே இந்த அணை தெரியாது. அப்படியென்றால் எந்தச் சட்டப்படி சான்றிதழ் வாங்கினார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அடுத்து நிலம். அரசின் நில ஆவணத் தளமான தமிழ்நிலத்தில் சர்வே எண்ணைப் போட்டு புல வரைபடமும் ‘அ’ பதிவேடும் எடுத்தேன். இதை முன்பணம் கட்டுமுன் செய்திருக்க வேண்டும், தப்பு என்மேல்தான். அணை நிற்கிற இடம் தனி சர்வே எண். பதிவேட்டில் அரசு புறம்போக்கு, ஓடை. அதாவது ஊர் ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டிவிட்டு ‘சொந்த அணை’ என்று விற்கிறார்கள். பழைய மறுகால் வரைபடத்தில் கோடாக ஓடுகிறது. நேரில் அதைத் தூர்த்து மனைகளுக்கு நடுவே தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். சாலையின் வளைவில் 14ஆம் நம்பர். கலிங்கு தாண்டி வருகிற தண்ணீருக்கு என் மனையை விட்டால் வேறு வழி இல்லை. வீட்டுமனை என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் கேட்பார்கள், பண்ணை நிலம் என்றால் அந்தக் கேள்வியே வராது என்பது இவர்கள் கணக்கு. ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி செய்த விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவு போட்ட பிறகும் இந்தத் துணிச்சல்.

பெரியப்பா மிகைப்படுத்துகிறாரோ என்று மனைவிக்குச் சந்தேகம். எனக்கும் கொஞ்சம் இருந்தது. அப்போதுதான் அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணையைப் பற்றிப் படித்தேன். பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்று வாங்கிப் பொழுதுபோக்க வைத்திருந்த மண் அணை. ஆண்ட்ரூ கார்னகியே உறுப்பினர். அடியில் இருந்த இரும்புக் குழாய்களைக் கிளப்புக்கு முந்தைய உரிமையாளர் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார், யாரும் திரும்ப வைக்கவில்லை. குதிரை வண்டி போகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் கம்பிவலை அடித்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் வலையில் குப்பை அடைத்து, தண்ணீர் கரை மேல் ஏறி, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த அணை இதைவிட எவ்வளவோ பெரியது, ஒப்பிடக் கூடாது, சரி. ஆனால் மீன் வலை என்று படித்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். அமெரிக்காவரைக்கும் போக வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது எங்கள் பக்கம் குளங்கள் உடைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். எறும்பு எழுத்தில் ‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது’. விற்பனைத் தம்பி போனை எடுப்பதில்லை. அலுவலகத்தில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மேனேஜர். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ‘நல்லெண்ண அடிப்படையில்’ 60,000 வந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நிலம் விற்பது சேவை இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். வசதிகள் செய்து தருவதாகச் சொல்லி மனை விற்றால் அது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது. அதனால் விளம்பரம், வாட்ஸ்அப், போட்டோ எதையும் அழிக்காதீர்கள். ஓடை விஷயத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்துவிட்டு, மறக்காமல் மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். சர்வேயர் ஒரு தடவை வந்து அளந்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

போன வாரம் அதே விளம்பரம் மறுபடி வந்தது. இப்போது கயாக் சவாரியும் உண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில், புதருக்குப் பக்கத்தில், பச்சை நைலான் வலை தெரிகிறது. கீழே மனைப் பட்டியலில் 14ஆம் நம்பருக்கு நேராக ‘ஒன்று மட்டுமே பாக்கி’.