மார்த்தாண்டம் டிடிபி கடையில் ஐந்தரை வருட லினக்ஸ்

கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டத்தில், மேம்பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. ஜெராக்ஸ், டிடிபி (அச்சுக்கான பக்கங்களைக் கம்ப்யூட்டரில் தயாரிப்பது), ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் கலந்த சின்னக் கடைதான், மூன்று கம்ப்யூட்டர். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றபோது மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் இரண்டு மெஷினில் இருந்தது காசு கொடுத்து வாங்கியது இல்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, கோயில் கொடை இல்லை, சர்ச் திருவிழா இல்லை, நோட்டீஸ் அடிக்க ஆளே இல்லை. சும்மா கிடந்த கடையில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் ஒரு வகையான, ஜூன் கடைசியில் வெளியான லினக்ஸ் மின்ட் 20-ஐ இறக்கினேன். மெனு இடது மூலையில் கீழே இருந்தது, பார்த்த முகமாகத் தெரிந்தது. அதைத் தேர்ந்தெடுக்க வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

நிறுவுவது ஒரு வேலையே இல்லை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டதால்தான் கிடைத்த வேகத்தில் பாதி வந்தது, அந்தப் பெருமையை லினக்ஸுக்குக் கொடுப்பது நியாயமில்லை. 2 ஜிபி ராம் உள்ள மெஷினுக்கு மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 4 ஜிபி உள்ளதற்கு சினமன் பதிப்பு.

பயத்தில் ஒரு மெஷினில் மட்டும் விண்டோஸையும் கூடவே வைத்திருந்தேன். மறுநாள் விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. காலை பத்து மணிக்குப் போட்ட பில்லில் விடியற்காலை நாலரை என்று அச்சாகியது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று நினைத்து புதிது வாங்கிப் போட்டேன். மறுபடியும் அதே கதை. அப்புறம்தான் புரிந்தது: லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். நமக்கும் அதற்கும் சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஒரே ஒரு கட்டளையில் சரியாகிற விஷயத்துக்கு ஒரு பேட்டரி காசு போனது.

இதெல்லாம் ஒரு வாரத் தலைவலி. எங்களை உண்மையாகவே படுத்தியது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. லினக்ஸுக்கு மாறுவது கஷ்டமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் பழைய கோப்பெல்லாம் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைத்தான்.

வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினியில் உள்ளது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கும், அவ்வளவுதான். எம், கே, செமிகோலன், கே, எச் என்று அடித்தால் திரையில் 'அம்மா' தெரியும். எழுத்துருவை மாற்றினால் அம்மா போய்விடும், அந்த ஐந்து கிறுக்கல்தான் மிஞ்சும். டிடிபி உலகமே பல வருடமாக இப்படித்தான் ஓடியிருக்கிறது. எங்கள் கடையில் 2006 முதல் சேர்ந்த அழைப்பிதழ், நீத்தார் சடங்குக்கான அடியந்திரக் கார்டு, சங்க நோட்டீஸ் எல்லாமே இந்த முகமூடியில்தான் கிடந்தன.

லினக்ஸில் பாமினி வேலை செய்யாது என்றில்லை. எழுத்துருக் கோப்பை அதற்கான ஃபோல்டரில் போட்டால் வேர்டு மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரேஆபிஸில் அப்படியே அடிக்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஊரடங்கு தளர்ந்து முதலில் வந்த கல்யாண வேலை, ஐம்பது பேருக்கு மட்டும் அழைப்பு. அச்செடுத்துப் பார்த்தால் 'மணமகன்' என்ற இடத்தில் 'முணமகன்' என்று நிற்கிறது. திருத்தினேன். அடுத்த வார்த்தைக்குப் போனதும் மறுபடி முணமகன். பேய் பிடித்த மாதிரி இருந்தது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் செய்த வேலை அது. பாமினியில் சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. வேர்டில் இதை எப்போதோ அணைத்து வைத்திருந்தோம், அணைத்ததே மறந்துபோனது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் பிடித்துவிட்டதால் தப்பித்தேன்.

அன்றுதான் இனி புது வேலை எல்லாம் யூனிகோடில், அதாவது எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் முறையில் என்று முடிவெடுத்தேன். தமிழ்99 விசைப்பலகையை வைத்துக்கொண்டு பழக ஆரம்பித்தேன். இரண்டிலும் 'ம' கே சாவியில்தான். ஆனால் பாமினியில் அகரம் இருந்த எம்மில் இங்கே 'ர' இருக்கிறது. முதல் வாரம் 'அன்புடையீர்' என்று தொடங்க வேண்டிய எல்லாமே ரகரத்தில் தொடங்கின. எங்கள் டைப்பிஸ்ட் அக்கா தமிழ்த் தட்டச்சு ஹையர் தேர்வு முடித்தவர், யளனகப என்று விரலை ஓட்டிப் பழகியவர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, எனக்க கை இருவது வருசமா ஒரே இடத்தில போய்ப் பழகினது. அத மாத்தச் சொல்லாத, கேட்டியா."

சரி என்று பட்டியலைத் தேடினால் லினக்ஸில் விசைப்பலகை முறைகளைத் தரும் ஐபஸில் டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. பாமினி சாவிகளும் தட்டச்சு வரிசையை ஒட்டியவைதானே, அக்காவின் விரல் அதிகம் அலையவில்லை. நான் தமிழ்99-இலேயே நின்றுவிட்டேன், இன்றும் அக்காவின் பாதி வேகம்தான்.

பழைய கோப்புகளுக்கு வருவோம். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வெளியானது 2001-இல், ஆனாலும் டிடிபிக்காரர்கள் அதை விட்டபாடில்லை. லிப்ரேஆபிஸ் ட்ரா அந்தக் கோப்புகளைத் திறக்கும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வடிவமைப்பு கொஞ்சம் சிதறும், எழுத்து வந்துவிடும். அதை எடுத்து ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் உள்ள மாற்றியில் கொடுத்தால் யூனிகோடு கிடைக்கிறது. எல்லாவற்றையும் மாற்றி முடிக்கலாம் என்று கிளம்பி, ஒரு மாதத்தில் கை விட்டேன். இப்போது யாராவது பழைய வேலையைக் கேட்டு வந்தால் அதை மட்டும் மாற்றுகிறோம்.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். இதன் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்து கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். 1.5 வரிசையில் அது சரியானது, 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாகவும் வந்துவிட்டது. சிவகாசிக்கு மல்டிகலர் வேலை அனுப்பும்போது இதில்தான் சிஎம்ஒய்கே (அச்சகத்தின் நான்கு மை நிறம்) பிடிஎஃப் எடுக்கிறேன். முதலில் விண்டோஸில் எல்லாரும் வடிவமைக்கப் பயன்படுத்தும் கோரல் டிராவின் கோப்புதான் வேண்டும் என்றார்கள். எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் பண்ணி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோடுகளாக்கி, பிடிஎஃப் அனுப்பியதும் வேலை நடந்தது, அப்புறம் கேட்கவில்லை. கோரலில் பத்து நிமிடத்தில் முடியும் கல்யாணக் கார்டு அதற்குப் பதிலான இலவச மென்பொருள் இங்க்ஸ்கேப்பில் எனக்கு இன்னமும் இருபது நிமிடம் எடுக்கிறது. இதை மறைக்கப் போவதில்லை.

மலையாளம் தனிக் கதை. இங்கே பாதிக் கல்யாணத்துக்குக் கேரளப் பக்கச் சொந்தம் உண்டு, கார்டின் பின்பக்கம் மலையாளம் கேட்பார்கள். சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரின் மீரா, ரச்சனா, மஞ்சரி எழுத்துருக்களை மின்ட்டில் ஒரே கிளிக்கில் நிறுவிவிடலாம். கேரளத்தின் பாறசாலையிலிருந்து பத்தாம் வகுப்புப் படிக்கிற என் சொந்த அக்கா மகன் லீவுக்கு வந்தபோது இங்க்ஸ்கேப்பைத் திறந்து ஒரு பூ வரைந்து காட்டினான். கேரளப் பள்ளிகளில் ஐடி பாடமே லினக்ஸில்தான். நான் மாதக்கணக்கில் திக்கித் திணறியது அவனுக்கு வீட்டுப்பாடம்.

பிரிண்டரில் அடி வாங்கினேன். கடையிலிருந்த பழைய லேசருக்குச் சரியான லினக்ஸ் டிரைவர் இல்லை. நான்கு இரவு உட்கார்ந்தும் முதல் பக்கம் வரும், இரண்டாவது வராது. கடைசியில் அதை விண்டோஸ் மெஷினில் மாட்டி ஷேர் செய்தேன். பிறகு வாங்கிய வைஃபை பிரிண்டர் டிரைவர் எதுவும் கேட்காமல் தானாகவே பட்டியலில் வந்து நின்றது. மாறுவதற்கு முன் உங்கள் பிரிண்டர் மாடலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் கடைக்குச் சம்பாதித்துக் கொடுத்த நல்ல பெயர் பென்டிரைவில்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழைக்கு ஒதுங்கின மாதிரி ஒரு பெரியவர் வந்தார். பேரனின் ஞானஸ்நான போட்டோ எல்லாம் அழிந்துவிட்டதாக வேறு கடையில் சொல்லிவிட்டார்களாம்.

"மக்களே, ஒண்ணு பாரு. எனக்க மவன் துபாயில இருந்து கேட்டுட்டே இருக்கான்."

மாட்டிப் பார்த்தேன். ஒரு ஷார்ட்கட் கோப்பு, பக்கத்தில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர். ஷார்ட்கட் வைரஸின் வழக்கமான வேலை. போட்டோவை அழிக்காது, பெயரில்லாத ஃபோல்டருக்குள் தள்ளி அதை மறைத்துவிட்டு, ஏமாற்றுவதற்கு ஒரு ஷார்ட்கட்டை முன்னால் வைக்கும். ஃபோல்டரை மறைக்கச் சொல்லும் அந்த விண்டோஸ் குறியை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை, ஃபோல்டர் வெளியே தெரிகிறது. திறந்தால் போட்டோ மொத்தமும் இருந்தது. காப்பி எடுத்து, பென்டிரைவைச் சுத்தம் செய்து கொடுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. மறு வாரம் அவர் ஒரு பாட்டில் தேனோடு வந்தார். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு பேராவது இதற்கென்றே வருகிறார்கள். வைரஸ் எங்கள் மெஷினில் ஓடவில்லை, இந்த வருடங்களில் அதற்காக ஒரு முறைகூட ஃபார்மட் செய்ததில்லை.

மூன்றாவது மெஷின் இன்னும் விண்டோஸ்தான், இப்போது 10. கைரேகை வைக்கும் கருவிக்கு லினக்ஸ் மென்பொருள் கிடைக்கவில்லை, டிஜிட்டல் கையெழுத்து கேட்கிற ஒரு தளமும் அப்படியே. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. அந்த மெஷினின் பிராசஸர் ஆறாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. பாதுகாப்பு அப்டேட்டுக்கான ஒரு வருட நீட்டிப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மற்ற இரண்டும் மின்ட் 21, 22 என்று காசில்லாமல் மேலே வந்துவிட்டன. நடுவில் ஒரு முறை கிராஃபிக்ஸ் டிரைவரோடு விளையாடித் திரையைக் கறுப்பாக்கினேன், மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி முந்தின நாள் நிலைக்குக் கொண்டுபோய் விட்டது.

போன மாதம் டைப்பிஸ்ட் அக்கா, மகன் பிளஸ் டூவில் வாங்கின அரசு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். வருடக்கணக்கில் பரணில் கிடந்தது. இதிலும் மின்ட் போட்டுத் தா, டைப்ரைட்டர் கீபோர்டு மறக்காதே என்றார். ஆன் செய்தால் முதல் திரையிலேயே இரண்டு வரி: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. அக்காவிடம் காட்டினேன்.

"இது அப்பவே இருந்துதா? அவன் ஒருநாளும் சொல்லலியே."