டியூஷனா, நூலகமா? பிள்ளைகளின் பக்கம் நின்று ஓர் ஒப்பீடு

பள்ளி விட்டபின் பிள்ளையை எங்கே விடுவது? சென்னையில் வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்கும் இதே தவிப்பு.

செலவு: டியூஷனுக்கு மாதக் கட்டணம் உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் கட்டணமில்லை.

பொறுப்பு: டியூஷனில் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நூலகத்துக்குச் சிறு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் போக வேண்டும்.

பிள்ளையின் விருப்பம்: நாம் கேட்க மறப்பது இதைத்தான். டியூஷன் அவர்களுக்கு இன்னொரு வகுப்பறை. பக்கத்தில் நண்பன் இருந்தும் பேச முடியாது. நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் எந்தப் புத்தகத்தை எடுப்பது, எப்போது மூடிவைப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றது.

பாடத்தில் உண்மையாகவே திணறும் பிள்ளைக்கு டியூஷன் சரி, அதுவும் வாரத்தில் சில நாள் போதும். தாத்தாவோ பாட்டியோ துணைக்கு வர முடிந்தால், மற்றப் பிள்ளைகளுக்கு நூலகம்தான்.