டிவி அலமாரிக்குள் சென்டர் ஸ்பீக்கர்: "போட்டோ அனுப்புங்க, போதும்" என்று சொல்லும் கடைகளிடம் கவனம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தீபாவளிக்கு ஹோம் தியேட்டர் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஈப்போவில் இருக்கும் ஒரு மின்னியல் கடை எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையை நடந்தபடியே எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். இப்படி வேலை செய்வது அந்த ஒரு கடை மட்டும் இல்லை என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது தெரிந்தது.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். படம் போட்டால் பாட்டு கேட்கும், சண்டை கேட்கும், வசனம் மட்டும் பிடிபடாது. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துவிடும். தாமான் குடியிருப்பில் வரிசை வீடுதானே, நடுவில் ஒரே சுவர். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரும், இடது வலது ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே வீட்டில் இருந்தன. 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள அமைப்பில், பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் (சென்டர்) வழியாகத்தான் வரும். அதை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளவும் ரிசீவரில் வழி உண்டு. அதனால் அம்மாவுக்காக ஒரு சென்டர் ஸ்பீக்கர் வாங்க முடிவு செய்தோம்.

அதை வைக்க வேண்டிய இடம் டிவி அலமாரியின் நடுத் தட்டு. அப்பா எஸ்டேட் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது இந்த வீட்டுக்கென்று நியாத்தோ மரத்தில் அவர் கையாலேயே செய்த அலமாரி அது. தட்டின் அகலம் 62 சென்டிமீட்டர், உயரம் 17, ஆழம் 34. இந்த மூன்று அளவையும் படத்தோடு கடைக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினேன். "ஸ்பீக்கர் இதற்குள் வரவேண்டும், அலமாரியில் கை வைக்கக்கூடாது" என்றும் எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, படமே போதும் என்றார்கள். "போலே லா (முடியும்) அக்கா, கண்டிப்பா உள்ள போயிடும், நாங்க பார்த்துக்கிறோம்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. ஸ்பீக்கர் 1,350 வெள்ளி (ரிங்கிட்), பொருத்தும் கூலி 180. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

பொருத்த வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். வீட்டில் அம்மா மட்டும். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் ஸ்பீக்கரின் உயரம் அடியிலுள்ள ரப்பர் கால்களோடு சேர்த்து 18.6 சென்டிமீட்டர். 17 சென்டிமீட்டர் தட்டில் அது எப்படி நுழையும்? திருப்பி எடுத்துப் போக வேண்டியதுதான் முறை. வந்த இருவரில் மூத்தவர் முதலாளிக்கு அழைத்துப் பேசிவிட்டு, "பாட்டி, கொஞ்சம் செதுக்கணும், வெளியே ஒண்ணும் தெரியாது" என்றிருக்கிறார். "வேணாம்யா, அது அவரு செஞ்சது" என்று அம்மா சொல்லச் சொல்ல, இயந்திர ரம்பத்தை எடுத்து மேல் தட்டைத் தாங்கும் முன் சட்டத்தை அறுத்துவிட்டார்கள். பின் பலகையிலும் கையளவு ஓட்டை.

நான் வீடு திரும்பியபோது சாமி விளக்கின் மேல் மரத்தூள் படிந்திருந்தது. அறுத்த இடத்தில் மெருகு உரிந்து சிலாம்பு நீட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சட்டத்தில் ஓர் ஆணிகூடக் கிடையாது. அப்பா காடி வெட்டிச் சேர்த்தது. தாங்கல் போனதால் மேல் தட்டு இப்போது டிவியின் பாரத்தில் நடுவில் லேசாகத் தொய்கிறது.

சரி, இவ்வளவும் செய்தார்களே, வசனமாவது தெளிவாகக் கேட்டதா என்றால் அதுவும் இல்லை. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல இருந்தது. காரணங்களைப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். வாங்கப் போகிறவர்களுக்கு முன்பே தெரிய வேண்டியவை.

ஸ்பீக்கரைத் தட்டின் உள்சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தார்கள். முன்னால் தட்டு அரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒலி அந்தப் பலகையிலும் பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பி வந்தால் பேச்சு குழம்பும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் முன் விளிம்புக்குச் சமமாகவோ, ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டோ இருக்க வேண்டும். தட்டு தாழ்வாக இருந்தால் முன்பக்கம் ரப்பர் துண்டு வைத்து, உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்று நிமிர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி நிமிர்த்த உள்ளே உயரமே மிச்சமில்லை.

அடுத்தது, அவர்கள் கொண்டுவந்த மாடலுக்குப் பின்பக்கம் காற்றுத்துளை உண்டு. அந்தத் துளை பலகையை முட்டிக்கொண்டு நின்றால் அடிக்குரல் வீங்கி, மற்ற எழுத்தொலிகளை மூடிவிடும். அலமாரிக்குள் வைக்கப் போகிறோம் என்று முன்பே சொன்னால், துளையே இல்லாத மாடலையோ முன்பக்கம் துளை உள்ள மாடலையோ காட்டுவதுதான் தொழில் தெரிந்த கடை. நான் சொல்லித்தான் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. படுக்கைவாட்டில் நடுவே கீச்சொலி தரும் சிறிய ட்வீட்டரும், இரு பக்கமும் அடிக்குரல் தரும் ஒரே மாதிரி வூஃபரும் உள்ள ஸ்பீக்கர்களில், நேரெதிரே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும். ஓரமாக உட்கார்ந்தால் இரண்டு வூஃபர்களிலிருந்தும் வரும் ஒலி முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்து, சில இடங்களில் ஒன்றையொன்று கெடுத்துவிடும். அம்மா உட்காருவது ஜன்னல் ஓரத்துப் பிரம்பு நாற்காலியில். முட்டி வலி; சோபாவிலிருந்து எழ முடியாது. யாருக்காக வாங்குகிறீர்கள், அவர் எங்கே உட்காருவார் என்று கடையில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

ஒயர் விஷயத்திலும் ஏமாற்றினார்கள். ரசீதில் செம்பு ஒயர் என்று போட்டிருக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயர். ரிசீவரையும் கீழ்க் கதவுக்குள் வைத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு படம் முடிவதற்குள் கதவைத் தொட்டால் சுட்டது. ரிசீவருக்கு மேலேயும் பக்கத்திலும் காற்றோட்டம் வேண்டும் என்பது அதன் கையேட்டிலேயே இருக்கிறது.

கடைக்கு அழைத்தேன். "புது ஸ்பீக்கர் அக்கா, ஓட ஓட சரியாயிடும்" என்றார் முதலாளி. ஓடினால் துளை பலகையை விட்டு விலகிவிடுமா? அப்புறம், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, ரசீதுலயே இருக்கு" என்றார். கடைசியில், "பாட்டிதான் சரின்னு சொன்னாங்க" என்றார். இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டாம் என்று கெஞ்சிய மனுஷியின் தலையில் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்?

ரசீதில் அச்சடித்த அந்த வரியைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்துவிடுபவர்கள் நம்மில் நிறையப் பேர். பயப்பட ஒன்றுமில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ரசீதில் எழுதி ரத்து செய்ய முடியாது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்பதும், செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது திரிபியூனல் பெங்குனாவில், 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் தேவையில்லை. விவகாரம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், இணையத்திலும் பதியலாம்.

நான் பதிந்தேன். அளவுகளோடு அனுப்பிய புலனச் செய்தி, ரசீது, அறுத்த சட்டத்தின் படங்கள், ஒயர் நுனியின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். கடிதம் போய்ச் சேர்ந்ததும் முதலாளியே அழைத்து, "அக்கா, பேசித் தீர்த்துக்கலாமே" என்றார். ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு அதற்கான பணத்தையும் பொருத்திய கூலியையும் திருப்பித் தந்துவிட்டார். அலமாரிக்கு மட்டும் ஒரு காசு தரமாட்டேன் என்கிறார். பழைய சாமானாம்.

வாங்கப் போகிறவர்கள் தட்டின் உள்ளளவை முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் எடுங்கள். பழைய மரம் சில இடத்தில் தொய்ந்திருக்கும். பெட்டியில் போட்ட ஆழத்தோடு ஒயர் செருகும் இடத்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உயரத்தில் ரப்பர் கால் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதே அளவில் ஒரு அட்டைப்பெட்டி செய்து தட்டில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. "அலமாரியை அறுக்கவோ துளையிடவோ கூடாது, பொருந்தாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பொருத்தும் கூலியை வேலை முடிந்து கேட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் ஆள் அனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள்.

இடமே போதவில்லை என்றால் சென்டர் ஸ்பீக்கரை வலிந்து திணிக்க வேண்டியதில்லை. ரிசீவரின் அமைப்பில் சென்டர் இல்லை என்று குறித்துவிட்டால், பேச்சு இடது வலது ஸ்பீக்கர்களில் பிரிந்து வந்து, நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு நடுவிலிருந்து கேட்பது போலவே இருக்கும். இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. இடது ஸ்பீக்கரை அம்மாவின் நாற்காலிப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறேன். அவர்கள் பொருத்திக் கொடுத்ததைவிட இதில் வசனம் நன்றாகப் பிடிபடுகிறது என்கிறார்.

அலமாரி விவகாரத்தை நான் விடவில்லை. கோலகங்சாரில் ஒரு தச்சரிடம் காட்டினேன். அதே மரத்தில் சட்டம் செய்து, காடியிலேயே சேர்த்து, பின் பலகையை மாற்ற 640 வெள்ளி ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளையும் நடுவர் மன்றத்தில் சேர்த்துவிட்டேன். விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நடந்ததை நேரில் சொல்ல அம்மாவும் வருகிறேன் என்கிறார்.